மூன்று மணி நேரத் தாமதம்

தலைநகர் அக்ராவில் போன் செயலிகள் எழுதிப் பிழைத்த ஜிஃபா, மாத்திரை வேளையில் மணி அடிக்கும் ஒரு செயலியை அண்ணன் எலிகெமுக்காகத்தான் செய்தாள். சொந்த ஊரான ஆன்லோகாவின் காயலில் வலை வீசுகிறவன் அவன். வலிப்பு நோய்க்காரன். காலை ஐந்து மணி மாத்திரை தப்பவே கூடாது.

அந்தச் செயலியைப் பலரும் தங்கள் போனில் இறக்கிக்கொண்டார்கள். மணி தாமதமாக அடிப்பதாக மூன்று பேர் எழுதினார்கள். ஜிஃபா தன் மேசைமேல் இருந்த போனில் பத்து முறை சோதித்தாள். நொடி பிசகவில்லை. 'போனை அணைத்து வைத்திருப்பீர்கள்' என்று பதில் போட்டுவிட்டாள்.

ஒருநாள் போனில் அண்ணனும் சொன்னான். "ஏய் தங்கச்சி, உன் மணி என்னைவிடச் சோம்பேறி. வெயில் ஏறினப்புறம்தான் வாயைத் திறக்குது."

"நீ குறட்டை விட்டுட்டு என் மணியைக் குத்தம் சொல்றியா?" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது எலிகெமுக்கு வலிப்பு வந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் தூக்குவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், அண்ணி எசெனாம் அவன் போனைக் கொண்டுவந்தாள்.

"அன்னிக்கு ஆறு மணிக்கு இதை மேசையிலேயே விட்டுட்டுப் போயிட்டாரு. எட்டு மணிக்கு ஆள் வந்து சொன்னாங்க. உனக்குச் சொல்லணும்னு எடுத்தேன். கையில எடுத்ததும் மணி அடிச்சுது, ஜிஃபா. அஞ்சு மணி மாத்திரைக்கு."

ஜிஃபா பத்து முறை சோதித்த மேசைப் போனில் எப்போதும் சார்ஜர் செருகியிருக்கும்.

அக்ரா திரும்பியதும் சார்ஜரைப் பிடுங்கினாள். இருபது நிமிடத்துக்கு மணி வைத்து, போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆகியும் சத்தமில்லை. எடுத்துத் திரையைத் திறந்தாள், உடனே அடித்தது. சும்மா கிடக்கும் போன், சார்ஜை மிச்சம்பிடிக்க அவள் செயலியைத் தூங்கவைத்திருக்கிறது. நேரத்தை எண்ணிக்கொண்டிருந்ததோ அந்தச் செயலிதான். எண்ணும் வேலையை, ஒருபோதும் தூங்காத போனின் சொந்த அலாரத்திடம் ஒப்படைத்தாள். அரை நாள் வேலைகூட இல்லை.

அந்த மூவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். இருவர் பதில் எழுதினார்கள். மூன்றாமவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

பிறகு அண்ணியை அழைத்தாள். "தப்பு என்னோடது அண்ணி. அண்ணன் சொன்னது நிஜம்."



"அவரு சொன்னப்ப நீ சிரிச்சே," என்றாள் எசெனாம். "பக்கத்துல நானும்தான் சிரிச்சேன்."

அதன்பிறகும் இருவரில் யாரும் போனை வைக்கவில்லை.