பெருமாள் முடி

திருப்பதிப் பெருமாளையே ஒருமுறை கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லக் கூட்டிக்கொண்டு போனவன் நான். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏற்றி, ஜன்னலோரமாக உட்காரவைத்து, எக்மோரில் பத்திரமாக இறக்கினேன். அவருக்கு டிக்கெட்கூட எடுக்கவில்லை. இதைச் சொன்னால் செம்பாக்கத்தில் நாய்கூட நம்பாது. நம்பவேண்டாம், மீதியைக் கேளுங்கள்.

முப்பத்தாறு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. கூடையைத் தொட்டால் உள்ளே எத்தனை மாம்பழம், அதில் எத்தனை அழுகல், எது எந்தக் கிளையில் பழுத்தது என்றுகூடச் சொல்லிவிடுவேன். கிளை விஷயத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், மற்றதெல்லாம் உண்மை. ரிட்டயர் ஆனபிறகு தொட்டுப் பார்க்க மூட்டையில்லாமல் விரல்கள் துருப்பிடித்துக் கிடந்தன. தொண்ணூற்றேழு ஆடி மாசம் ஒருநாள் காலையில் எதிர்வீட்டு சாமுண்டீஸ்வரி மஞ்சள் துணி மூட்டை ஒன்றோடு வந்து நின்றாள்.

"சார், ரயில்வே பாஸ்ல திருப்பதி போறீங்களாமே. இத்த அங்க சேத்துடுங்க. எனக்குப் போற மூஞ்சி இல்ல."

அவள் கதை தெருவுக்கே தெரியும். மகன் சம்பத், வேலை நிரந்தரமானால் முடி காணிக்கை என்று வேண்டிக்கொண்டு தோள்வரை வளர்த்திருந்தான். இரண்டு வருஷம் முன்பு ஏரிக்கரை வளைவில் லூனாவோடு சறுக்கி விழுந்தான். ஒரு நர்சிங் ஹோமில் முழங்காலுக்குக் கட்டுப்போட்டு, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அசதியில் தூங்குகிறான் என்று இவள் ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். மறுநாள் மதியம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் மொத்தத் தலையையும் மழித்து, மண்டையைத் திறந்து, உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தங்கியது. இருபத்துநாலு வயசுப் பையன், வலது கை எழும்பாது, பெற்றவளை 'அக்கா' என்று கூப்பிடுகிறான்.

நர்சிங் ஹோம்மேல் வழக்குப் போட்டாள். டாக்டரின் பதில் ஒன்றுதான்: வேண்டுதல் முடி என்று சொல்லித் தாய் தலையில் கைவைக்க விடவில்லை. மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் அவர்களுடைய வக்கீல், "மழிக்கவேண்டாம் என்று சொன்னீர்களா, இல்லையா?" என்று கேட்டார். இவள் "சொன்னேன்" என்று அழுதுவிட்டாள். அதோடு சரி. 'தாயே சிகிச்சைக்குத் தடையாக இருந்தார்' என்று தீர்ப்பில் டைப் அடித்து வந்தது. தெருவே டாக்டரைத் திட்டியது. அந்த வரியை நம்பியவள் ஒருத்திதான், சாமுண்டீஸ்வரி. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது அவன் முகத்தைப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். அப்பீலுக்கு நாலு நாள்தான் பாக்கி. அவள் வக்கீல் சுந்தரவல்லி ஆள்மேல் ஆள் அனுப்பியும் இவள் எட்டிப் பார்க்கவில்லை.

மூட்டையைக் கையில் வாங்கினேன். தூக்கிவாரிப்போட்டது.

"உள்ள என்னம்மா?"

"அவன் முடிதான் சார். பெரியாஸ்பத்திரில செரச்சது. பெருமாள் முடியாச்சே, கீழ போடுவாங்களா?"

"முடி சலசலக்காதே. தாள் இருக்கே."

"ஆமா, கொஞ்சம் முடிய ஒரு சீட்டுல மடிச்சிகினேன். அந்த நர்சிங் ஹோம்ல மாத்திர எழுதின சீட்டு. மாத்திர அங்கயே குட்த்துட்டாங்க, அப்புறம் அது எதுக்குன்னு..."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சீட்டைத்தான் சுந்தரவல்லி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தொலைந்துபோச்சு என்று சொன்னதே இவள்தான். பொய்யில்லை. பெருமாளுக்கு என்று முடிந்துவைத்த கணமே அது சீட்டாக இல்லாமல் போய்விட்டது, சாமி பொருள் ஆகிவிட்டது.

"அவிழ்."

"ஐயையோ! மல ஏறாம முடிச்ச அவுக்கக் கூடாது சார். இருக்கிற பேஜாரு போதாதா?"

"நானும் நாமம் போட்டவன்தாம்மா. கோச்சுண்டார்னா என்மேல கோச்சுக்கட்டும். ரிட்டயர் ஆனவனை இனிமே சஸ்பெண்டா பண்ணிடுவார்?"

அன்று சாயங்காலம் சுந்தரவல்லியின் மேஜையில் அவளே அவிழ்த்தாள். தேதி, நேரம், டாக்டர் கையெழுத்து எல்லாம் சீட்டில் இருந்தன. சுந்தரவல்லி தமிழில் படித்துச் சொன்னாள். "தலை இடப்பக்கம் மழித்துப் பார்த்தது. வீக்கம். இரண்டு முறை வாந்தி. வீட்டுக்குப் போகலாம்." கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

சாமுண்டீஸ்வரி இல்லை என்று தலையை ஆட்டினாள். "அவங்க இன்னாவோ எழுதிகீறாங்க. நான் வேணாம்னு சொன்னது நெஜம்தானே?"

மறுவருஷம் மாநில நுகர்வோர் ஆணையத்தில் அப்பீல் விசாரணை. காணிக்கை முடி பெருமாளுடையது, அது கோர்ட்டுக்குப் போனால் அவரே போனதுதான் என்பது என் கட்சி. எதிர்க்கட்சி வக்கீல் கையெழுத்தை மறுக்கவில்லை. அவசரத்தில் வழக்கமாக எழுதும் வரி, உண்மையில் மழிக்கவேயில்லை, தாயே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றார். ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. அங்கே மழித்தார்களா?"

அவள் வாயைத் திறந்தாள். பழைய பதில்தான் வரப்போகிறது என்று சுந்தரவல்லி என் கையை நகம் பதியப் பிடித்தாள். விளக்கும் ஃபேனும் ஒரே நேரத்தில் நின்றன. பெருமாள் செயல் என்று நான் சொல்வேன், கரண்ட் கட் என்று நீங்கள் சொல்வீர்கள். மேஜைமேல் இரண்டு கற்றை. பெரியாஸ்பத்திரி முடி கன்னங்கரேலென்று சுருண்டு கிடந்தது. சீட்டிலிருந்தது உள்ளங்கை அளவுதான், டிங்சர் காய்ந்து செம்பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதன்மேல் குனிந்தாள். மோந்து பார்த்தாள். மூன்று வருஷத்து மருந்து நாற்றம் கடைசி பெஞ்சுவரை வந்தது.

அப்புறம் அவள் உதட்டைக் குவித்து, அந்த முடிமேல் மெல்ல ஊதினாள்.

ஒற்றை முடி பிரிந்து எழுந்து மறுபடி படிந்தது. அவள் நிறுத்தவில்லை. புண்ணில் ஊதுவதுபோல, இன்னொரு தரம், இன்னொரு தரம்.

"எரியுதும்மான்னான்," என்றாள், யாரையும் பார்க்காமல். "மொதல்ல வேணாம்னுதான் சொன்னேங்கய்யா. நர்சம்மா அதட்டுச்சு. சரின்னுட்டேன். நான்தான் அவன் தலய புட்ச்சிகினு நின்னேன். அப்டியே ஊதிவுட்டேன்."

நிமிர்ந்தாள்.

"செரச்சாங்க."