படத்தை விட்டு ஓடிய பேய்

மலாய்ப் பேய் ஒன்று தன்னைக் கண்டு வெலவெலத்து, "ஐயையோ!" என்று சுத்தத் தமிழில் அலறிக்கொண்டு, நடித்துக்கொண்டிருந்த படத்தை விட்டே ஓடிப்போய்விட்டது என்றார் சபாபதி. பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பர்கள் மன்றத்தின் மின்விசிறிகூட ஒரு சுற்று நின்று சிரித்துவிட்டுத்தான் மறுபடி சுழன்றது.

"ஓட்டம்னா சும்மா ஓட்டமா? மூணு கூட்ஸ் பெட்டியை ஒரே தாவு!" சபாபதி மீசையை நீவிக்கொண்டார். "ஒரு வாரம் கழிச்சு அபராதமா எனக்கு ஒரு கட்டு சுருட்டு வேற அனுப்பிச்சு. வாசனைன்னா அப்படி ஒரு வாசனை. ஒரு மாசம் வச்சு இழுத்தேன்."

"பேய்க்கு உங்க வீட்டு நம்பர் எப்படிண்ணே தெரியும்?" என்றார் மன்றத் தலைவர் ஜெயராஜ்.

"வீடு எதுக்கு? நான் ரயில்வே கேட் பார்த்த எடத்துல தண்டவாளத்தை ஒட்டி முனீஸ்வரர் கோயில் இருந்துச்சுல்ல, அந்த மேடையிலேயே வச்சிட்டுப் போயிருச்சு. பேய்னாலும் மரியாதை தெரிஞ்ச பேய்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவள் ஒருத்திதான். ஜெயராஜின் மனைவி சந்திரகலா. மன்றத்துக்குச் செயலாளர். பெட்டாலிங் ஜெயாவில் டெலிபோன் ஆபீஸில் வேலை.

"அப்படி ஒண்ணும் நடக்கவே இல்ல," என்றாள், ராங் நம்பர் என்று லைனை வெட்டுகிற குரலில்.

சிரிப்போடு போகிற விஷயமாக இருந்தால் சபாபதியும் விட்டிருப்பார். மன்றத்தின் டிவியும் வீடியோவும் இருக்கிற அலமாரியின் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. சாவி யாரிடமோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன படம் என்ற முடிவு அவரிடம். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, சபாபதிக்கு வாரம் என்பதே அந்த ஒரு மத்தியானம்தான். மற்ற நாளெல்லாம் அது வருமா வருமா என்று காத்துக் கிடக்கிற பிளாட்பாரம். அந்தச் சாவியைத்தான் இன்று வாங்கிவிடுவது என்று மன்றம் கூடியிருந்தது.

மன்றத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் எடுத்து வரும் படங்கள் அப்படி. பேர் தெரியாத ஆட்கள், இரவல் கேமராவில், சொந்தக்காரர்களை நடிக்க வைத்து எடுத்த படங்கள். ஒன்றில் ஒரு விதவை பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். பஸ் வரும். ஏறமாட்டாள். படம் முடிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு சபாபதி இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தார். அவர் சொல்லும் கணக்கில் இரண்டு மாதம். இன்னொன்றில் அப்பனும் மகனும் ஒரு படகைப் பழுது பார்ப்பார்கள். வாயே திறக்கமாட்டார்கள். கடைசியில் மகன் ஓர் ஆணியை நீட்டுவான், அப்பன் வாங்கிக்கொள்வான். "அந்த ஆணி என் நெஞ்சுல இறங்கிருச்சு லா!" என்று சபாபதி எழுந்து நின்று கத்தியபோது, குறட்டை விட்டுக்கொண்டிருந்த நாலு பேர் திடுக்கிட்டு விழித்தார்கள். சரி, பேய்ப்படமாவது போடுங்கள் என்றால், ஒரு கதவு மெல்லத் திறக்கும். யாரும் வரமாட்டார்கள். கதவு மெல்ல மூடிக்கொள்ளும். அதற்குப் பெயர் பேய்ப்படம்.

"பாட்டு உண்டா, சண்டை உண்டா, ஒரு அழுகையாவது உண்டா?" என்று ஜெயராஜ் பேச்சைத் தொடங்கியதும்தான் சபாபதி தன் கடைசி அஸ்திரத்தை எடுத்து விட்டார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், கிள்ளானைத் தாண்டித் துறைமுகம் போகிற லைனில் அவர் கேட்மேனாக இருந்த காலத்தில், தண்டவாளத்து ஓரம் ஒரு சின்னக் கூட்டம் வந்து மலாய்ப் பேய்ப்படம் எடுத்தது, கூட்ஸ் வருகிற நேரமாயிற்றே என்று இவர் விரட்டப் போனார், பேய் ஓடிவிட்டது, அந்த ஓட்டம் அப்படியே படத்தில் இருக்கிறது. கேசட்டில் ஒருமுறை தானே பார்த்ததாகவும் சொன்னார்.

"நடுவுல ஓடுன பேய், படம் முடியிற வரைக்கும் திரும்பி வரவே வராது!" சபாபதியின் கண் பளபளத்தது. "அந்த மலாய்க் கம்பத்து ஊரே விளக்கைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கும். காத்து அடிச்சா நடுங்கும், நாய் குரைச்சா நடுங்கும். வந்த பேயைப் பூசாரி பார்த்துக்குவான். வராத பேயை யார் ஓட்டுறது? எடுத்தவன் சாதாரண ஆளில்ல, மேதை!"

"அப்போ கேசட்டைக் கொண்டாங்கண்ணே," என்றார் ஜெயராஜ். "அடுத்த ஞாயிறு போட்டுப் பார்ப்போம். மலாய்ப் பேய் தமிழ்ல கத்துனா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். சாகுற வரைக்கும் நாங்க வாய் தொறக்கமாட்டோம்."

"கேசட்டெல்லாம் எதுக்கு?" சந்திரகலா சட்டென்று எழுந்தாள். "அந்த மாதிரிப் படமெல்லாம் வெளியவே வராது. இப்பவே சாவியை வாங்கிட்டுப் போவீங்களா, சும்மா இழுத்துக்கிட்டு."

ஒரு வாரம் தவணை என்று முடிவாயிற்று.

அந்த வாரம் சபாபதியின் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே குடையை எடுத்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள வீடியோ கடை அத்தனையும் ஏறி இறங்கினார். பெயர் கேட்டால் தெரியாது. "பேய் ஓடிப்போற படம்" என்பார். "எல்லாப் படத்துலயும் கடைசில பேய் ஓடத்தானே அங்கிள் செய்யும்?" என்பார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சீனன் கடையில் அரை மலாயும் அரைக் கையுமாக அந்த ஓட்டத்தை நடித்தே காட்டினார். கடைக்காரன் பயந்துபோய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தான். படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடியது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை பாசாரில் காய்கறி வாங்கும்போது சந்திரகலா எதிர்ப்பட்டாள்.

"கெடைச்சுச்சாண்ணே?"

"கெடைக்கும்."

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் மறுபடி அவளே வந்து நின்றாள். "கெடைச்சுச்சா?"

'என்னைக் கவுக்குறதுல இவளுக்கு எவ்வளவு அவசரம்!' என்று பொருமிக்கொண்டு சபாபதி கிள்ளான் பஸ்ஸில் ஏறினார்.

கிள்ளானில், முன்பு அவர் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்த அதே கடை. அது இன்னும் இருக்கும் என்று நம்பாமல்தான் கடைசியாக வந்திருந்தார். வாசு என்று ஒரு ஆள் நடத்திக்கொண்டிருந்தான். கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"அந்தப் படமா? இருந்துச்சு அங்கிள். உங்களைத் தவிர ஒரு ஈ காக்கா எடுக்கல. போன மாசம் கேரி தீவுல ஒரு கல்யாணம், வீடியோ எடுக்கப் போனேன். காப்பி போடக் காலி கேசட் தீர்ந்துபோச்சு. என்ன செய்ய? அழிஞ்சிடாம இருக்க உடைச்சு வச்சிருந்த இதோட ஓட்டையில செலோடேப்பை ஒட்டி, அது மேலயே கல்யாணத்தைப் போட்டுட்டேன்."

சபாபதி குடையை மேசை மேல் வைத்தார். "வேற காப்பி?"

"ஊர்லயே இது ஒண்ணுதான். மாப்பிள்ளை வீட்டுல நல்ல கேசட்டா கேட்டு வாங்கிக்கிட்டாங்க. இது சும்மாதான் கெடக்கு. கல்யாணம் முடிஞ்சு மிச்ச டேப்புல படம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் இருக்கும். கொண்டு போங்க."

ஞாயிற்றுக்கிழமை மன்றம் நிரம்பி வழிந்தது. பக்கத்து ரொட்டிக் கடையில் மாவு வீசுகிறவன்கூட மாவோடு வந்துவிட்டான் என்று பின்னால் சபாபதி சொல்லித் திரிந்தார். அன்றைக்கு எதையும் பெருக்கிச் சொல்கிற தெம்பு அவருக்கு இல்லை. சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்து, கேசட்டைத் தள்ளினார்.

நாதஸ்வரம் வந்தது. பெண்ணுக்கு வேர்த்தது. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை நழுவியது.

"அண்ணே, பேய் பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றார் ஜெயராஜ். சிரிப்பில் கூரை பிளந்தது. சபாபதி ஃபார்வர்டு பட்டனை அழுத்தினார். பந்தியில் எல்லாரும் வேகவேகமாகச் சாப்பிட்டார்கள். மொய் எழுதினார்கள். பெண்ணின் அம்மா அழுகையைத் தொடங்கி, மூக்கைச் சிந்தப் போன அந்த நொடியில் திரை வெட்டியது.

தண்டவாளம். அந்தி வெளிச்சம். பேய் இல்லை, அலறல் இல்லை, சபாபதியும் இல்லை. அதெல்லாம் கல்யாணத்துக்கு அடியில் போய்விட்டது. சரளைக்கல் மேல் ஒற்றைச் சிலிப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. பச்சை வார். கேமரா அதைவிட்டு நகரவே இல்லை. தூரத்தில் கூட்ஸ் வருகிற சத்தம் மட்டும் மெல்லக் கூடியது.

"பேய்க்கு ஏதுடா சிலிப்பர்?" என்று ஒருவர் கேட்க, அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

சபாபதி எழுந்து டிவியை நிறுத்தினார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு லேசில் அவிழவில்லை.

"கேட்டுக்கோங்க," என்றார். குரல் சின்னதாக வந்தது. "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேஷம் கட்டுன யாரோ ஒரு பொண்ணு, கால் தடுக்கி ஓடியிருக்கும். மூணு பெட்டியைத் தாண்டுச்சு, தமிழ்ல கத்துச்சுன்னு எல்லாம் நானா ஊதிக்கிட்டது போலிருக்கு. வயசாயிருச்சுல்ல, எது பார்த்தது எது ஊதுனதுன்னு எனக்கே பிரியல. ஆனா ஒண்ணு. ஓடுனவளைக் காட்டாம அவ விட்டுட்டுப் போன சிலிப்பரைக் காட்டுனான் பாரு... அது மட்டும் பொய்யில்ல. அது நல்ல படம்."

சாவியைச் சந்திரகலாவிடம் நீட்டினார். சபாபதி தன் வாயால் ஒரு கதையைச் சுருக்கி யாரும் கேட்டதில்லை. மன்றத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது.

சந்திரகலா கையை நீட்டவில்லை. முந்தானை நுனியைத் திருகினாள், விட்டாள், மறுபடி திருகினாள்.

"மேதை மேதைங்கிறீங்களே," என்று திடீரென்று வெடித்தாள். "மேதையாம் மேதை! பேய் ஏன் திரும்பி வரலேன்னா, மறுநாள் நான் போகல. ஆள் கிடைக்காம அந்தக் கேமராக்காரன் இருந்ததை வச்சு ஒப்பேத்திட்டான்!"

ஜெயராஜ் பாதி எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்றார். "எங்க போகல? நீ எங்க போகல?"

"ஷூட்டிங்குக்கு." அவள் புருஷனைப் பார்க்காமல் சொன்னாள். "அப்போ நான் கிள்ளான்ல டைப்பிங் படிச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு நாள் வேஷம், மூஞ்சி தெரியாதுன்னாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா காலை ஒடிச்சிருப்பாரு. யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும்தான்."

"நீயா?" என்றார் சபாபதி.

"பின்ன? விளக்கு வைக்கிற நேரம், முனீஸ்வரர் எல்லை. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போகாதேன்னு எங்கம்மா தலையில அடிச்சுக்கும். நான் பயந்துக்கிட்டேதான் நின்னேன். பார்த்தா எதிர்ல ஒரு ஆளு. வெத்து மாரு, சிவப்பு வேட்டி, இந்தா பெரிய மீசை, வாயில சுருட்டு, ஒரு கையில பாராங்குக் கத்தி, இன்னொரு கையில சிவப்பு விளக்கு! யாருன்னு நினைப்பேன்? முனியே எழுந்து வந்துட்டாருன்னு நினைச்சேன்."

"ஆடி வெள்ளி பூசை அன்னிக்கு," என்றார் சபாபதி, கனவில் பேசுவதுபோல. "கோயிலைச் சுத்திப் புல் வெட்டிக்கிட்டு இருந்தேன். கூட்ஸ் சத்தம் கேட்டு அப்படியே ஓடியாந்தேன்."

"'ஐயையோ முனீஸ்வரா, தெரியாம வந்துட்டேன்'னு கத்துனேன். தமிழ்லதான் கத்துனேன். பயம் வந்தா மலாய்லயா கத்துவாங்க? அந்தப் பச்சை வார் சிலிப்பர், தீபாவளிக்கு வாங்குனது, ஒண்ணு அங்கேயே போயிருச்சு." அவள் மூச்சு விட்டாள். "ஆனா மூணு கூட்ஸ் பெட்டியெல்லாம் தாண்டல. அது பச்சைப் பொய்."

"எதைத் தாண்டுனே?" சபாபதியின் முழங்கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. மீசை தானாக நிமிர்ந்தது.

"வேலி. ஒரு வேலிதான்."

"பெரிய வேலியா?"

சந்திரகலா அவரை முறைத்தாள். பிறகு, அவர் நீட்டிய கையை அப்படியே மடக்கி, சாவியை அவர் உள்ளங்கைக்குள்ளேயே வைத்து மூடினாள்.

"பெரிய வேலிதான்," என்றாள். "நீங்க சொன்ன அத்தனையும் நடந்துச்சுண்ணே. அந்தச் சுருட்டுக் கட்டுகூட நான்தான் கொண்டாந்து வச்சேன். ஆனா முனிக்கு வச்சேன், உங்களுக்கில்ல."