இரும்பு மூடி வரைக்கும்

கடைச் சுவரில் ஒட்டியிருந்த மாரத்தான் சுவரொட்டியைப் பார்த்தபடிதான் அவன் அதைச் சொன்னான்.

"இந்த ஹாஃப் மாரத்தானை மட்டும் ஓடி முடிச்சேன்னா, பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்டா."

சொன்னபோது டிரெட்மில் மேல் ஓடிக்கொண்டிருந்தான். பக்கத்து மெஷினுக்கடியில் ஸ்குரூ டிரைவரோடு படுத்திருந்த நண்பன் தலையை வெளியே நீட்டவில்லை. "ம்" என்றான். மறுநாள் இருவர் பெயரையும் பதிவு செய்துவிட்டு வந்து நின்றான்.

அந்த நண்பனை எல்லோரும் பெல்ட்டு என்றே கூப்பிடுவார்கள். டிரெட்மில் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்து அவன் நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் வேலைக்குப் போனான், பெல்ட்டு கடை போட்டான். பெல்ட்டைப் பார்த்தால் அவனுக்கும் ஓட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். கேட்டால், "நான் மெஷினுக்கு டாக்டர் மச்சி. டாக்டரு எங்கயாவது பெட்ல படுப்பானா?" என்பான்.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. பழுது பார்த்த மெஷின்மேல் ஒருவர் முழுசாக ஒரு மணி நேரம் ஓடிப் பார்க்காமல் அது வாசலைத் தாண்டாது. அதற்கென்று இருந்த ஆள் நின்றுவிட்டான் என்று சொல்லித்தான் பெல்ட்டு அவனைக் கடைக்கு இழுத்தான். அப்போது அவன் மனைவி இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. நடை பழகாத குழந்தையை மனைவியின் அக்கா தூக்கிக்கொண்டாள். "கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும் தம்பி" என்றாள். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. தரமாட்டேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, அவனுக்குத்தான் கேட்க வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவான். அங்கேயே நடை பழகிவிட்ட குழந்தை பெரியம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிஸ்கட் பாக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். சாவுக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. அழத் தெரியாத ஆளிடம் அழுகிற குழந்தையை விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கே பயம்.

டிரெட்மில்மேல் அந்தப் பயம் இல்லை. எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பெல்ட்டு அவன் சட்டையில் சிவப்புக் கயிற்றின் கிளிப்பை மாட்டுவான். தடுக்கி விழுந்தால் கயிறு இழுபட்டு மெஷின் நின்றுவிடும். "கிளிப் மாட்டியாச்சு. ஸ்டார்ட்!" பிறகு வேகத்தைச் சொல்லிச் சொல்லி ஏற்றுவான். "ஆறு... ஏழு... ஏழரை, மூச்சு விடுடா!" பெல்ட் உருளும், கால் தானாகப் போகும். பதிவு செய்த நாளிலிருந்து பெல்ட்டும் பக்கத்து மெஷினில் ஏறிக்கொண்டான். ரெண்டையும் டெஸ்ட் பண்ணணும் என்றான். வாரக்கணக்கில் ஓடிய பிறகுதான் அவன் ஒன்றைக் கவனித்தான். பெல்ட்டு ஏறுவது எப்போதும் அதே மெஷின். கைப்பிடி கிழிந்த, யாரும் திருப்பிக் கேட்காத, பழுதே இல்லாத மெஷின்.

ஓட்டத்தன்று விடியற்காலையில் கூட்டம் நெருக்கியடித்தது. கொடி அசைந்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள். இவர்களும் பாய்ந்தார்கள். உருளும் பெல்ட் இல்லாத தரையில் தங்கள் வேகம் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இத்தனை மாதம் மெஷின்தான் வேகம் வைத்தது. பாதி தூரத்துக்கு முன்பே பெல்ட்டின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"நம்ம எவ்வளவுல போறோம்டா?"

"தெரியல."

"பதினொண்ணு இருக்கும். செத்தோம்."

பாலம் வருவதற்குள் வேகம் பாதியாகி, கூட்டத்தின் கடைசிக்கு வந்திருந்தார்கள். பாலத்தைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கியது. லேசான ஏற்றம்தான், ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விடாமல் ஏறியது. அவனுக்குச் சுரீர் என்றது. இந்தச் சாலையின் அடியில் போகும் குழாயை வரைந்ததே அவன்தான். பாலத்தடியில் பம்ப் வைத்துக் கழிவுநீரை மேலே தள்ள வேண்டியிருந்தது இந்த மேட்டுக்காகத்தான். ஒவ்வொரு சாணுக்கும் உயரம் போட்டவனுக்கு, ஒரு நாளாவது மெஷினைச் சாய்த்து ஓடிப் பழகலாம் என்று தோன்றாமல் போனது.

ஷூ லேஸ் அவிழ்ந்ததால் அவன் குனிந்தான். நிமிர்ந்தபோது பெல்ட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான். இத்தனை மாதமும் பக்கத்துப் பக்கத்தில் சுவரைப் பார்த்து ஓடியதில் அவன் பெல்ட்டின் ஓட்டத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் அசைத்து நகர்த்துவது போல இருந்தது. வலது பாதம் வெளிப்பக்கமாகத் தேய்ந்தது, முதுகு முழுக்க நனைந்திருந்தது. இந்த உடம்பு ஓடுவதற்காக உண்டானதல்ல. இருந்தும் ஓடியது, நாள் முழுக்க மெஷின்களைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சாயங்காலம் சாயங்காலம் ஓடியது. மனிதன் இவ்வளவு அசிங்கமாகவும் இவ்வளவு அழகாகவும் ஒரே நேரத்தில் ஓட முடியுமா என்று அவன் வாய் பிளந்து பார்த்தான்.

மேட்டின் நடுவில் பெல்ட்டின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். பின்னால் பஸ் ஊர்ந்து வந்தது. பின்தங்கியவர்களை வாரிப்போட்டுக்கொண்டு வரும் பஸ் அது. அதற்கு முன்னால் ஓடுகிறவனுக்குத்தான் கணக்கு. ஏறிவிட்டால் ஓட்டம் முடிந்தது.

"நீ போடா" என்றான் பெல்ட்டு.

"நீ?"

"எனக்கென்ன, ஜன்னல் சீட்டு. போடான்னா! பாப்பாவுக்காகத்தானே வந்தே? எனக்காகவா வந்தே?"

அவன் போனான். கால்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றும் உறைக்காத உடம்புக்கு மேடும் உறைக்கவில்லை. இப்படியே போனால் முடித்துவிடலாம். முடித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், பிறகு? ராத்திரி அது வீறிட்டால்? பக்கத்தில் நின்றவனைக் கம்பத்தோடு விட்டுவிட்டு வந்த கையால் அதைத் தட்டிக்கொடுப்பதா?

திரும்பிக் கீழ்நோக்கி ஓடினான். எதிரே வந்தவர்கள் இவனுக்குக் கழன்றுவிட்டது என்று பார்த்தார்கள்.

"அடப்பாவி! எதுக்குடா வந்தே?"

"காலை நீட்டு." பாதத்தைப் பிடித்து மடக்கினான். பெல்ட்டு கத்தினான். "மேல பெட்ரோல் பங்க் தெரியுதா? அதுக்கு முன்னாடி ரோட்டுல பெரிய இரும்பு மூடி இருக்கும். அது வரைக்கும்தான் மேடு. அதுவரைக்கும்தான் பம்ப் தள்ளணும். அதுக்கப்புறம் சாக்கடைத் தண்ணி தானாவே ஓடும். நாமளும் ஓடிடலாம்."

பெல்ட்டுக்கு வலியிலும் சிரிப்பு வந்தது. "கடைசியில என்னைச் சாக்கடைத் தண்ணி ஆக்கிட்டியேடா!"

"வா. அஞ்சுல வைக்கிறேன்."

"சொல்லிட்டே வா. நிறுத்தினா நானும் நின்னுடுவேன்."

அவன் சொன்னான். "அஞ்சு... அஞ்சுலயே இரு... அஞ்சரை." பஸ் முதுகில் மூச்சு விட்டது. படியில் நின்ற பெண், "சார், ஏறிடுங்க சார், ஏசி பஸ்தான் சார்" என்றாள். "ஏசியெல்லாம் எனக்கு ஒத்துக்காது தாயி" என்றான் பெல்ட்டு. நாலைந்து மாதங்களாக ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவனுக்குத் தொண்டை வறண்டது. விடாமல் சொன்னான். "ஆறு... நல்லாருக்கு... ஆறு."

இரும்பு மூடியைப் பெல்ட்டு வேண்டுமென்றே மிதித்தான். டங் என்றது.

இறக்கத்தில் பஸ்ஸை விட்டு விலகினார்கள். முடிவு வளைவைக் கழற்ற ஏணி கொண்டுவந்து சாத்தியிருந்தார்கள். இருவரும் அந்த ஏணிக்குப் பக்கத்தில் ஒரே அடியில் நுழைந்தார்கள்.

மனைவியின் அக்கா வேலிக் கம்பி ஓரம் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. தோளில் பெரிய பை.

"அண்ணி, இன்னிக்கே..." என்று தொடங்கினான்.

"பெல்ட்டு போன வாரமே சொல்லிட்டார் தம்பி. துணியெல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன். ராத்திரி அழும், நிஜமாவே அழும். தூக்கிட்டு நடக்கணும், அவ்வளவுதான். என்ன நேரம்னாலும் ஃபோன் பண்ணுங்க."

"ஓடி முடிக்கலேன்னா?" என்று பெல்ட்டைக் கேட்டான்.

"முடிக்கலேன்னாலும் அதே பைதான்."

அவன் குழந்தையை வாங்கிக்கொண்டான். குழந்தை அந்த வியர்வையைப் பார்த்து முகத்தைச் சுளித்தது, உதட்டைப் பிதுக்கியது, பிறகு வீறிட்டது. விழுந்துவிடாமலிருக்க அவன் சட்டையை நெஞ்சுக்கு நேராகக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

நடைபாதையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பெல்ட்டு எட்டிப் பார்த்தான்.

"கிளிப் மாட்டியாச்சு மச்சி. ஸ்டார்ட்!"

"எவ்வளவுல?" என்றான் அவன்.

"ரெண்டுல போ. நடந்தா போதும்."

அவன் நடந்தான். குழந்தை காதுக்கருகில் முழு மூச்சாக அழுதது. கண்ணில் இறங்கியது வியர்வை இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது, துடைக்கக் கை இல்லை. வேலியோரமாகப் போய்த் திரும்பி, மறுபடி போய், தோளில் சத்தம் அடங்கும் வரை நடந்தான்.