தெரியாத பாகம்

செல்வமணியின் தங்கைக்குப் பேச்சியம்மன் பேரைத்தான் வைத்தார்கள். ஆனால் பேச்சிக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. பேர் வைத்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தொட்டில் பிள்ளையைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? ஆனாலும் பேச்சி பேசாதவள் என்று எவனாவது சொன்னால் அவன் அவளைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். கையாலும் புருவத்தாலும் அவள் பேசுகிற பேச்சுக்கு மொத்தச் சாலைக் கடைத்தெருவும் ஈடு கொடுக்காது. ஒரே சங்கடம், அது பள்ளிக்கூடத்தில் படித்த பாஷை இல்லை. அக்காளும் தங்கையும் பாவாடை சட்டை வயதில் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. உலகத்தில் அதை முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அதில் ஒருத்தி கல்யாணமாகி மும்பைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை தங்கமான பையன்தான். ஆனால் சாப்பிட்டாயா, தூங்கு என்கிற அளவுக்குத்தான் அவனுக்குக் கை பழகியிருந்தது. மீதியை எல்லாம் பேச்சி வீடியோ காலில் அக்காளிடம்தான் கொட்டினாள். சாலைக் கடைத்தெரு வளையல் கடையில் நாளெல்லாம் நின்று கால் கடுத்து வருகிற செல்வமணி, போனை டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு கையையும் ஆட்ட ஆரம்பித்தால், புருஷன் வீரபாண்டி தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வான். பக்கத்தில் இருந்தால் மூக்கில் அடி விழும்.

அந்தப் போன்தான் துணி அலசுகிற வாளியில் விழுந்தது. மற்றதெல்லாம் பிழைத்தது, முன்பக்கக் கேமரா மட்டும் போயே போய்விட்டது. செல்வமணி அசரவில்லை. ஓணத்துக்கு ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கியிருந்தார்கள். வீரபாண்டியின் போன் விழிஞ்ஞத்துத் துறைமுக வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, உள்ளே போர்டு செத்து, அலமாரியில் கிடந்தது. அதில் கேமரா நன்றாக இருக்குமே! சாலைக் கடைத்தெருவிலேயே சின்ன ஸ்குரூடிரைவர் வாங்கினாள். வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்து, அதிலிருந்து கழற்றி இதில் மாட்டினாள். பேச்சியின் முகம் பளிச்சென்று வந்தது. அன்றைக்கு அவள் வீரபாண்டியிடம் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமில்லை.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான். ஒருநாள் போன் தானாக அப்டேட் ஆனது. அதற்கப்புறம் கேமராவைத் தொட்டால் கறுப்புத் திரையில் சுத்தத் தமிழில் ஒரு வரி மட்டும் வந்தது: ‘தெரியாத பாகம். கேமரா நிறுத்தப்பட்டுள்ளது.’

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனாள். கவுண்டரில் இருந்த மலையாளப் பெண் போனைத் தொடவே இல்லை.

“சேச்சி, இது வெளியில தொறந்த போனாணு. டூப்ளிகேட் பார்ட் போட்டிருக்கு. நாங்க எடுக்க மாட்டோம். புதுசு வாங்கிக்கோங்க.”

“டூப்ளிகேட்டா? எம் புருசன் போன்லேருந்து எடுத்து மாட்டுனேன்! அதுவும் ஒங்க கம்பெனிதானம்மா!”

“அதொக்கெ எங்களுக்குத் தெரியாது சேச்சி.”

புதுசு வாங்க வக்கிருந்தால் ஸ்குரூடிரைவரை ஏன் எடுக்கப்போகிறாள்? பக்கத்து வீட்டு சுசீலாபாயிடம் போனை இரவல் வாங்கிப் பார்த்தாள். அந்த அம்மாள் நல்லவள்தான். ஆனால் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து, “என்னவாம்? என்னவாம்?” என்று கேட்டுக்கொண்டே நின்றாள். புகுந்த வீட்டுக் கதையை ஊரார் முன்னால் எந்தப் பெண் சொல்வாள்? பேச்சி கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் செல்வமணி போனைச் சுசீலாபாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடப் போகிறேன் என்றதும் வீரபாண்டி பதறினான். “அவ்வளவு பெரிய கம்பெனிகூட மல்லுக்கு நிக்கப் போறியாட்டி? கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?”

“எந் தங்கச்சி வாயை அடைச்சிருக்கான். நான் வளையல் வித்துக்கிட்டு சும்மா இருக்கணுமோ?”

வக்கீல் வைக்கவில்லை. தானே போய் நின்றாள். கம்பெனிக்காக வந்தவர் வினீத் என்கிற இளவயது வக்கீல். கறுப்புக் கவுனுக்குள் மிடுக்கு தாங்கவில்லை. துணைக்குக் கம்பெனி எஞ்சினியர் ஹரிஷங்கர், கரமனை அக்ரகாரத்துப் பையன். ஆணையத்தின் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். மலையாளத்திலும் கேட்பார், தமிழையும் புரிந்துகொள்வார்.

“மேடம், இவர் மாட்டினது போலி. எங்க பாகமா இருந்திருந்தா எங்க போன் கண்ணை மூடிட்டு ஏத்துக்கும்” என்றார் வினீத்.

செல்வமணிக்குச் சுருக்கென்று ஏறியது. “அப்படியா சாரே? அப்போ ஒங்க கடையிலேருந்து பெட்டி பிரிக்காத போன் ரெண்டு கொண்டாங்க. ஒங்க ஆளே கேமராவை மாத்தி மாட்டட்டும். ரெண்டும் ஏத்துக்கிச்சுன்னா, நான் தோத்தேன்னு சொல்லிட்டு வீட்டைப் பார்த்துப் போறேன்.”

“ரெடியாணு மேடம்!” என்றார் வினீத், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

ஹரிஷங்கர் பின்னாலிருந்து கவுனைப் பிடித்து இழுத்தான். “சார், வேண்டாம் சார். நான் சொல்றதைச் செத்த கேளுங்கோ.” இழுத்து என்ன செய்ய? தலைவி எழுதி முடித்துப் பேனாவை வைத்துவிட்டார்.

வாய் வீரமாகப் பேசிவிட்டதே தவிர, அடுத்த வாய்தா வரைக்கும் செல்வமணி தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் போன் கீழே விழுந்த வேகத்தில் கேமராவுக்கே ஏதாவது ஆகியிருந்தால்? தான்தான் தப்பாக மாட்டியிருந்தால்? தோற்றேன் என்று சொல்லிவிட்டு வந்து பேச்சியிடம் எதைச் சொல்வாள், எந்தக் கையால் சொல்வாள்?

வாய்தா நாளில் எல்லார் முன்னாலும் பெட்டிகளைப் பிரித்தார்கள். ஹரிஷங்கர் நிதானமாக இரண்டு போனையும் திறந்து, இதன் கேமராவை அதிலும் அதன் கேமராவை இதிலும் மாட்டி மூடினான். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். மற்ற வழக்குக்காரர்களும் எழுந்து எட்டிப்பார்த்தார்கள்.

முதல் போன் கறுத்தது. அடுத்ததும் கறுத்தது. இரண்டிலும் அதே வரி, இங்கிலீஷில். தெரியாத பாகம்!

தலைவி குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “வினீத், இதில் எது டூப்ளிகேட்?”

வினீத் இரண்டு போனையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் வக்கீல் அல்லவா? “மேடம், போலின்னு போன் சொல்லலை. தெரியாதுன்னு மட்டும்தான் சொல்லுது.”

“தெரியாதுன்னா வாயை மூடிட்டுக் கெடக்கணும்லா!” செல்வமணி எழுந்தேவிட்டாள். “வாசல்ல தெரியாத ஆளு வந்தா யாருன்னு கேப்போம். அவன் கண்ணையா சாரே குத்துவோம்?”

கூடமே சிரித்தது. தலைவி சிரிக்கவில்லை. ஹரிஷங்கர் பக்கம் திரும்பினார். “இந்த அம்மாவோட கேமராவைத் திறந்துவிட எவ்வளவு நேரமாகும்?”

வினீத் முறைத்தார். ஹரிஷங்கர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. “ரெண்டு நிமிஷம் போறும் மேடம். ஒவ்வொரு போனும் தன்னோட கேமராவை மட்டுந்தான் அடையாளம் கண்டுக்கும், வேற கேமராவை எங்க சாஃப்ட்வேர்ல ஒரு தடவை சேத்துவெச்சா ஆச்சு. லேப்டாப் கையிலதான் இருக்கு.”

இரண்டு நிமிஷம்! இரண்டே நிமிஷ வேலைக்காகவா என் தங்கை இத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள் என்று செல்வமணிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“இங்கேயே, இப்போதே திறங்கள். இப்படி அடைப்பது தவறு என்று உத்தரவில் எழுதுகிறேன். இனிமேல் யாருக்கும் இதைச் செய்யக் கூடாது என்றும் எழுதுகிறேன்” என்றார் தலைவி.

ஹரிஷங்கர் வயரைச் செருகினான். தட்டினான். திரை வெளிச்சமானது. அதில் செல்வமணியின் முகமே பெரிதாக, மூக்குத்தியும் ஈரக் கண்ணுமாகத் தெரிந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை, மும்பைக்கு அழைத்துவிட்டாள்.

பேச்சி மாவுக் கையோடு எடுத்தாள். அக்காள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள்! மாவு தெறிக்க இரண்டு கையும் பறந்தன, புருவம் ஏறி இறங்கியது. நிற்கவே இல்லை.

தலைவிக்கே தாங்கவில்லை. “என்ன சொல்கிறாள்?”

“ஏசுதா மேடம்” என்றாள் செல்வமணி, சிரிப்பும் கண்ணீருமாக. “எங்க போய்த் தொலைஞ்சேன்னு ஏசுதா. மிச்சத்தை இங்க சொல்லக் கூடாது.”

பதில் சொல்ல அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். பக்கத்தில் டம்ளர் இல்லை, வினீத்தான் நின்றுகொண்டிருந்தார்.

“சாரே, இதைக் கொஞ்சம் பிடிங்க” என்று போனை அவர் கையில் கொடுத்தாள். “நேராப் பிடிங்க, எந் தங்கச்சிக்கு என் கை தெரியணும்.”

கம்பெனி வக்கீல் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வமணி இரண்டு கையையும் உயர்த்திப் பேச ஆரம்பித்தாள்.