முகப்போடு சேர்த்தி

மூன்றாவது துர்கா பூஜை வந்தபோதும் செல்வராணிக்கு ஏழாம் மாதம்தான். கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள அந்தச் சந்தில் வெங்காய விலை சொல்வதுபோலத்தான் இதையும் சொல்வார்கள். காரணமும் எல்லோருக்கும் தெரியும். பச்சை ஜன்னல் கதவும் வார்ப்பிரும்புக் கிராதியுமாக நின்ற பழைய வீடுகளை ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு நரேன் அதைத் தடுக்க அலையாய் அலைந்து, சந்து முழுவதையும் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்க வைத்தார். பாரம்பரியத் துறை அதிகாரி சுப்ரியா, வீடுகளின் முகப்புகளைப் படமெடுக்க வந்த அன்றுதான் செல்வராணிக்கு வளைகாப்பு. கீழே முறுக்குக்கடை வைத்திருக்கும் அவள் புருஷன் பரமசிவம், "படம் எடுக்கிறாங்க, வந்து நில்லு ராணி" என்று ஆசையாகக் கூப்பிட்டான். அவளும் கை நிறைய வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக மாடி பால்கனியில் வந்து நின்றாள். படத்தில் உள்ளபடியே முகப்பு இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அன்றிலிருந்து படத்தில் விழுந்த எதுவும் மாறவில்லை. கொடியில் கிடந்த ஈரப்புடவை காயவில்லை, உதிரவிருந்த காரை உதிரவில்லை, செல்வராணியின் வளையல் ஒன்றுகூட உடையவில்லை, வயிறும் அப்படியே நின்றது. அம்மா வீட்டுக்கு மதுரைக்குப் போய் இருந்து பார்த்தாள். முகப்போடு சேர்த்தியாகிவிட்டவள் எங்கே போனால் என்ன? ஜாதவ்பூர் டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும், குழந்தை நன்றாக இருக்கிறது, ஏழு மாதத்துக்குச் சரியான எடை என்றே சொன்னாள். பரமசிவத்துக்குக் காதோரம் நரைத்தது, அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. இவர் கிழவனாகிப் போன பிறகும் நான் இப்படியே நிற்பேனோ, பிள்ளை முகத்தை ஒரு தடவையாவது பார்ப்பேனோ என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். உள்ளே குழந்தை உதைக்கும், அதே இடத்தில் அதே உதை. பாவம், அதை எண்ணி அழுவதா சந்தோஷப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அறிவிப்பை ரத்து செய்தால் பிள்ளை பிறந்துவிடும். ஆனால் வீட்டின் சொந்தக்காரர் அதற்காகத்தான் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார், மறுநாளே வீடு தரைமட்டமாகிவிடும், கடையும் போகும், பிறகு சந்து முழுக்கப் போகும். நரேன் மாடியேறி வந்து, அண்ணி முறை வைத்து, "பௌதி, ரத்து கேட்டு எங்களைக் கைவிட்டுடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க சந்து வீடுகளைக் காப்பாத்த என் பிள்ளைதான் கிடைச்சுதா, தாதா?" என்று அவரை அண்ணன் முறை வைத்தே கேட்டாள் செல்வராணி. அவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்துச் சுப்ரியாவின் அலுவலகத்துக்குப் போனாள். தெரிந்த வங்க மொழியில் வெளுத்து வாங்கினாள். "குளியலறை மாத்தலாம், சமையலறைக்கு டைல்ஸ் போடலாம், உள்வேலைக்கெல்லாம் அனுமதி உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? என் வயித்துல இருக்கிறது உள்வேலை இல்லாம வேறென்ன?"

சுப்ரியா விதிகளைப் புரட்டினாள், மேலதிகாரியிடம் போனாள், வந்தாள். "அனுமதி கொடுக்கலாம் அக்கா. ஆனா சந்துல நின்னு பார்த்தா எந்த மாற்றமும் தெரியக் கூடாது."

செல்வராணி யோசிக்கவே இல்லை. "சரி" என்றாள்.

காளி பூஜை முடிந்து, குளிர் தொடங்கிய பிறகு பெண் குழந்தை பிறந்தது. ஆண்டாள் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்குள் அவள் எல்லாக் குழந்தைகளையும் போலத் தவழ்ந்தாள், மாவைக் கொட்டி அடி வாங்கினாள். முதன்முதலாக அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தில் இறங்கியபோது, தன் கையில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்துச் செல்வராணி அலறிவிட்டாள். கனம் மட்டும் இருந்தது. சந்தில் நிற்கிறவர்களுக்கு அவள் இன்றும் ஏழு மாத வயிற்றுக்காரிதான்.

இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. ரிக்‌ஷாக்காரர்கள் அந்த வீட்டருகே மணியடித்து மெதுவாகப் போகிறார்கள். குழந்தையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சாயங்காலம் சந்துக்கு வெளியே பெரிய ரோட்டு முனைக்கு வந்து நிற்கிறார்கள்; நரேன் தினமும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு முதல் ஆளாக வந்துவிடுகிறார். சந்து நெடுகச் செல்வராணி வெறும் காற்றைப் பிடித்ததுபோல நடந்து, மகளோடு பேசிக்கொண்டே வருகிறாள். பதில் வராவிட்டால் அந்தப் பிடியை இறுக்கிக்கொள்கிறாள். முனை வந்ததும் முதலில் சின்னச் செருப்பு தெரியும், அப்புறம் கவுன். முகம் தெரிந்த பிறகுதான் அவள் மூச்சு விடுகிறாள்.