அமாவாசைத் தண்ணீர்

நான் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் சென்னைக்குப் போயிருப்போம். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் கணவர் உமாபதி விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்தவர். பிள்ளையார்பாளையத்தில் ஒரே தறி இருந்த வீட்டுப் பிள்ளை. கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, மறுபக்கக் கரைக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ள இன்னொருவர். மாமனார் வேலாயுதத்துக்கு வெளியாள் கை ஒத்துவராது. அதனால் மகன் படிப்பை முடித்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் தறிக்குழிக்குள் காலை விட்டார். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நின்றுபோகும்.

1965-இல் சென்னைப் பேராசிரியர் ஒருவர், வீட்டிலிருந்தபடியே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய அவரைச் சேர்த்துக்கொண்டார். எங்கள் ஊர் வேகவதி ஆற்றில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன, சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் அவற்றை என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி.

"பட்டம் வந்ததும் குழிக்குள்ள இல்லாம, சென்னையில நாற்காலியில உக்காந்து ஒரு வேலை பார்க்கணும் தில்லை" என்பார் என்னிடம்.

அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் கை வைக்கமாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்குக் கிடைத்தது. வலையும் பாட்டில்களுமாக ஆற்றுக்குப் போவார். நத்தை, தட்டான் புழு, சின்ன மீன் என்று அவர் எண்ணிச் சொல்ல, நான் தேதி எழுதி ஒட்டுவேன். மூன்று வருடத்தில், ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்கள் போக, இருபத்தேழு முறை.

ஆய்வேட்டுக்காக அட்டவணையை நல்ல தாளில் நான்தான் எழுதினேன். ஒரு தேதி சந்தேகமாக இருந்ததால் பழைய காலண்டரைப் புரட்டினேன். அமாவாசைக்கான கறுப்பு வட்டம். அடுத்த தேதிக்கும் கறுப்பு வட்டம். அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்றுதான் இன்னொன்று உறைத்தது. தறி நிற்கும் நாளில் சாயப்பட்டறையும் மூடித்தான் கிடக்கும்.

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது சொல்லிவிட்டேன்.

"ஏங்க, அமாவாசைக்குப் பட்டறையில அடுப்பே எரியாதே?"

பிசைந்த கை நின்றது. பிறகு சிரித்தார்.

"மூணு வருஷமா ஆத்தை லீவு நாள்ல போய்ப் பார்த்துக்கினு வந்திருக்கேன் தில்லை."

மறுநாள் தறியில், வேலை நாளில் ஆற்றுக்குப் போய்வர இரண்டு மணி நேரம் விடச் சொல்லி அப்பாவிடம் கேட்டார்.

"பூச்சி பிடிக்கத்தான் அமாவாசை இருக்குதேடா."

"அன்னைக்குப் பூச்சி இருக்குதுப்பா. மத்த நாள்ல இருக்குதான்னு பார்க்கணும்."

"இல்லாத பூச்சியப் பிடிக்கவா தறியை நிறுத்தச் சொல்ற? முகூர்த்தப் புடவைடா. நாடாவைத் தள்ளு."

அந்த வாரம் புதன்கிழமை, பட்டறை ஓடும் நாளில், ஆற்றுக்கு நான் போனேன். துணி துவைக்கும் சாக்கில், கூடைக்குள் வலையும் பாட்டிலும். தண்ணீர் அரக்கு நிறத்தில் வந்தது. வலையில் ஒரு நத்தை இல்லை. சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அவற்றை எண்ணிவிட்டு, பேராசிரியருக்கு உள்ளதை எழுதினார்.

பதில் வந்தது. 'இருப்பதை அப்படியே கொடுத்துவிடுங்கள். எந்த நாளில் எடுத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.'

"குடுத்துடுங்களேன்" என்றேன். சொன்னவளும் நான்தான்.

"நீயே கேட்டியேம்மா" என்றார்.

கொடுக்கவில்லை. கெடு முடிந்து பதிவு ரத்தானது. பேராசிரியர் அதற்குப் பின் எழுதவில்லை. ஆனாலும் ஐந்து வருடம் புதன்தோறும் நான் அள்ளி வந்தேன், அவர் எண்ணினார். அச்சில் அவர் பெயர் வந்தது நான்கு பக்கக் கட்டுரை ஒன்றில்தான். அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தறிக்குப் போனார்.

1973 கார்த்திகையில் அவருக்கு மஞ்சள் காமாலை. பன்னிரண்டே நாள்.

காரியம் முடிந்த மறுநாள் மாமனார் தறியில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைப் பார்த்தார்.

"தில்லை, பாதிப் புடவை நிக்குதும்மா. வேற யாரு இருக்குறாங்க?"

போய் உட்கார்ந்தேன். என் கணவர் கால் வைத்து வழவழப்பான இடத்தில் என் கால் இருந்தது. அதோடு புதன்கிழமை ஆற்றுக்குப் போவது நின்றது.

எனக்கும் இப்போது கிடைப்பது அந்த ஒரு நாள்தான். போன அமாவாசைக்கு வலையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. பதினாறு நத்தை.