முப்பத்தொன்பது அங்குல மேடை

"ஆள் எங்கே?" என்று கேட்டார் டெய்லர்.

கடைக்கு வந்தவர் துணியை மேசையில் வைத்துவிட்டு இளித்தார். "ஆள் வீட்ல இருக்கா மாஸ்டர். அவளுக்குத் தெரியாம தச்சுக் குடுக்கணும்னு ஒரு ஆசை. உங்க வீட்டம்மா உயரம்தான், கொஞ்சம் பூசினாப்ல இருப்பா. கண்ணளவுல வெட்டிடுங்களேன்."

"கண்ணளவா?" டெய்லருக்கு முகம் மாறிவிட்டது. கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்துக் காட்டினார். "அப்புறம் இது எதுக்குங்க? போட்டுக்கப் போறது யாரு? அவங்கதானே? அவங்க வந்து நிக்கட்டும். ஆள் நிக்காம நான் கத்தரி வைக்கிறதில்ல. எடுத்துட்டுப் போங்க."

வந்தவர் துணியைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்தத் தெருவில் இது புதிதல்ல. 'டேப் மாஸ்டர்' என்றுதான் அவருக்குப் பெயர். குளிக்கும்போதாவது அந்த டேப்பைக் கழற்றுவாரா என்று கேலி பேசுவார்கள். அரை அங்குலம் பிசகினாலும் தைத்த சட்டையை மொத்தமாகப் பிரித்துவிடுவார். நல்ல தொழில்காரர். தொழிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது, அதைச் சொல்ல வாயெடுக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடையின் பின்பக்கம் ஒரு முக்காலியில் அவர் மனைவி உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடமாக அதே முக்காலி. காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் அவள் பாடு. வீட்டுக்குப் போனால் சமையலும் அவள் பாடு. ஆள் குள்ளம். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் சமையல் மேடை அவள் மார்பு வரை இருந்தது. கையைத் தூக்கித் தூக்கிக் கிளறியே வலது தோள் கெட்டுப்போனது. "இப்படியே போனா கையைத் தூக்கவே முடியாமப் போயிடும்மா. அப்புறம் ஊசியும் பிடிக்க முடியாது, கரண்டியும் பிடிக்க முடியாது" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அதனால்தான், பாதியில் நின்றுபோன ஒரு சின்ன வீட்டைச் சல்லிசாக வாங்கியபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். தன் இரண்டு தங்க வளையல்களையும் கழற்றிக் கணவன் கையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஹால் எப்படி வேணா இருக்கட்டும்ங்க. சமையல்கட்டுல மேடையை மட்டும் என் உயரத்துக்கு வைங்க. தொட்டிப் பக்கம் ஜன்னலுக்கு இடம் விட்டிருக்காங்க பாருங்க, அதுல ஒரு ஜன்னல். வேற எனக்கு ஒண்ணும் வேணாம்."

"இதுகூடச் செய்ய மாட்டேனா?" என்றார் அவர். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது!

மறுநாளே டெய்லரின் அக்கா வீட்டைப் பார்க்க வந்தாள். "தம்பி, கையில இருக்கிறது கொஞ்சம். அதை அடுப்படியில கொண்டுபோய்க் கொட்டாதே. வர்றவங்க எங்க உட்காருவாங்க? ஹால்ல. ஹாலைப் பார்த்துத்தான் நம்மளை எடைபோடுவாங்க" என்றாள். தம்பியின் மண்டையில் அது ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

ஹாலுக்கு வெள்ளை அட்டையில் பொய்க்கூரை வந்தது. அதற்குள் மறைவிளக்குகள் வந்தன. ஒரு சுவர் முழுக்கப் பூப்போட்ட காகிதம் ஒட்டினார்கள். உள்ளே வைக்க ஒரு சாமானும் இல்லாவிட்டாலும் கண்ணாடி அலமாரி ஒன்று வந்தது. செலவை மிச்சம் பிடிக்க, கடையில் விழுந்த துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் திரைச்சீலையும் சோபா உறையும் தைத்தார்கள். தைத்தது யார்? மனைவிதான். அவளும் முகம் சுளிக்கவில்லை, பார்த்துப் பார்த்து நிறம் சேர்த்துத் தைத்தாள். டெய்லர் ஹால் ஜன்னலைத் திரைக்காக மூன்று தடவை அளந்தார். மூன்று தடவை!

சமையல் மேடை கட்டும் நாள் வந்தது. பள்ளிச் சீருடை சீசன். இருநூறு சட்டைகளுக்குப் பட்டன் வைக்க வேண்டியிருந்ததால் மனைவி முக்காலியை விட்டு அசைய முடியவில்லை. அந்தச் சட்டைகளின் கூலிதான் பொய்க்கூரைக்குப் போனது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"மாஸ்டர், மேடை எவ்வளவு உயரம் வைக்கட்டும்?" என்று கொத்தனார் கேட்டார்.

டெய்லர் அண்ணாந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லா வீட்லயும் வைக்கிற மாதிரி வைங்க."

"வீட்டுக்கு வீடு மாறும் மாஸ்டர். வீட்டம்மாவை ஒரு நிமிஷம் வந்து நிக்கச் சொல்லுங்களேன்."

"அவ வந்து என்ன பண்ணப் போறா? அங்க வேலை கெடக்கு. நீங்க பாத்து வைங்க. ஆங், அந்த ஜன்னல் ஓட்டையைச் செங்கல் வச்சு அடைச்சிடுங்க. கம்பி, கதவுன்னு அதுக்கு வேற தண்டச் செலவு. சமையல்கட்டு ஜன்னலை எவன் வந்து பாக்கப் போறான்?"

கொத்தனார் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். தன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார், சுவரில் கோடு போட்டார், கட்டிவிட்டார்.

குடி வந்த அன்று காலை மனைவி சமையல்கட்டுக்குள் போய் மேடை முன்னால் நின்றாள். கல் அவள் மார்பு வரை வந்தது. அதன் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் பாத்திரம் வைத்தால் விளிம்பு அவள் முகத்துக்கு நேரே இருந்தது. உள்ளே என்ன வேகிறது என்று எட்டிக்கூடப் பார்க்க முடியாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சுச் சுவர் இருந்தது.

"என்னங்க, இது யாருக்கு அளந்தது?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு? ஒரு பலகையைப் போட்டுக்கோ."

"ஜன்னல்?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம். வந்த அன்னிக்கே ஆரம்பிக்காதே."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பலகையும் கிடைக்கவில்லை. பெயின்டர் விட்டுப்போன காலி வாளி ஒன்று கொல்லையில் கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று சமைத்தாள். வலது தோள் இன்னும் மோசமானது. பட்டன் தைக்கையில் நடுநடுவே ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டெய்லர் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார். "தைலம் தேச்சியா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களையும் பழகினவர்களையும் வீடு பார்க்கக் கூப்பிட்டார். பதினாலு பேர் வந்தார்கள். கொத்தனாரும் வந்திருந்தார். மறைவிளக்கு எரிந்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "கையைக் கடிக்காம இவ்வளவு அழகாப் பண்ணிட்டீங்களே மாஸ்டர்! திரை பிரமாதம்!" என்றார் ஒருவர். "எல்லாம் நம்ம ஐடியாதான்" என்றார் டெய்லர், கொஞ்சமும் கூசாமல்.

உள்ளே பதினாலு பேருக்கு டீ போட ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளத்தது. காற்று போக வழியில்லாமல் ஆவி அந்தச் சின்ன அறையை மூடியது. வாளி மேல் நின்ற மனைவி பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து இறக்கப் பார்த்தாள். தோள் சுண்டி இழுத்தது. வாளி சாய்ந்தது.

பாத்திரம் விழுந்த சத்தம் ஹால் வரை கேட்டது. கொத்தனார்தான் முதலில் ஓடினார். இடது முன்கை முழுக்கச் சிவந்து கிடக்க, அவள் குழாயைத் திறந்து கையைத் தண்ணீரில் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பாத்து நிக்கக் கூடாதா? வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்குறியே!" என்றார் டெய்லர்.

"அவசரக்குடுக்கை" என்றாள் அக்கா.

கை வெந்து நிற்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? அவள் குழாயை மூடவில்லை. கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேப் இருக்கா?"

"என்னது? வா, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போலாம். அளந்துட்டுப் போலாம். மேடையை அளங்க."

சமையல்கட்டு வாசலில் மற்றவர்களின் தலைகள் எட்டிப் பார்த்தன. வேறு வழியில்லாமல் டெய்லர் குனிந்து அளந்தார். "முப்பத்தொன்பது."

"இப்ப என்னை அளங்க. தரையிலிருந்து முழங்கை வரைக்கும்."

அளந்தார். "முப்பத்தஞ்சு."

"முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே இருக்கணும் மாஸ்டர்" என்றார் கொத்தனார், தலையைக் குனிந்துகொண்டு. "முப்பத்தொண்ணு. அன்னிக்கு நான் கேட்டேன். நீங்க வேணாம்னீங்க. நானும் விட்டுட்டேன், என் மேலயும் தப்புதான்."

"எட்டு அங்குலம்!" என்றாள் மனைவி. "அரை அங்குலத்துக்குச் சட்டையைப் பிரிக்கிறவராச்சே நீங்க! எவனோ ஒருத்தன் பொண்டாட்டிக்கு, ஆள் நிக்காம கத்தரி வைக்க மாட்டேன்னீங்க. அடுப்படியில நிக்கப் போறது யாருன்னு ஒரு தடவை கேட்டீங்களா? ஊரு பூரா அளந்தீங்க. பதினஞ்சு வருஷத்துல என்னை அளக்கிறது இன்னிக்குத்தான் முதல் தடவை. என் துணியைக்கூட நானேதான் தச்சுக்கிட்டேன்."

அவள் ஈரக் கையாலேயே மேடையைக் காட்டினாள்.

"நீங்க இப்படி வந்து நில்லுங்க."

டெய்லர் மேடை முன்னால் போய் நின்றார். அவரும் நல்ல உயரம். கை இரண்டும் கல்லின் மேல் அழகாகப் படிந்தன.

"பாருங்க, உங்களுக்கே அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு. இனிமே நீங்களே நில்லுங்க. நான் இந்த மேடைக்கு வர மாட்டேன்." சொல்லிவிட்டுக் கொத்தனாரைப் பார்த்தாள். "அண்ணே, ஒரு ஆட்டோ கூப்பிடுங்க."

கோபத்தில் சொல்கிறாள், கட்டு பிரித்தால் சரியாகிவிடும் என்று டெய்லர் நினைத்தார். அவள் சரியாகவில்லை. அவர் சமைத்தார். முதல் நாள் அடிபிடித்தது.

"அப்பா, இது என்னது?" என்று மகள் கேட்டாள். எட்டாவது படிக்கிற வாயாடி.

"சாப்பிட்டுப் பாரு, தெரியும்."

"சாப்பிட்டுட்டுத்தான் கேக்கிறேன்."

மூன்றாம் நாள் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே ஹாலுக்கு வந்தார். "இது அடுப்படியா, சூளையா? மூச்சு முட்டுது!"

"அப்படியா? எனக்கொண்ணும் தெரியலையே. உங்க ஹால்ல ஜில்லுன்னுதான் இருக்கு" என்றாள் மனைவி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

எட்டாம் நாள் காலையில் கண்ணாடி அலமாரி வந்த விலைக்கு விற்கப்பட்டது. மத்தியானம் கொத்தனார் வந்து செங்கலை இடித்தார். சாயங்காலம் கம்பியும் கதவும் வைத்த ஜன்னல் நின்றது. காற்று உள்ளே வந்தது. டெய்லருக்கு ஒரே பெருமை.

"இங்க வா, வந்து பாரு! ஜன்னல் வச்சாச்சு!"

அவள் வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. யாருக்கு வேர்த்ததுக்கு வச்சீங்க?"

அவர் தான் போட்ட டீயை மேடையில் வைத்தார்.

"பதினஞ்சு வருஷம் எனக்கு வேர்த்துச்சு. வாய் விட்டுக் கேட்டேன். வளையலைக் கழட்டிக் குடுத்துட்டுக் கேட்டேன். செங்கல் வச்சு அடைச்சீங்க. உங்களுக்கு எட்டே எட்டு நாள் வேர்த்துச்சு, சுவரே உடைஞ்சிடுச்சு."

சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்விட்டாள். டெய்லர் போட்ட டீ மேடையிலேயே ஆறிப்போனது.

மறுநாள் கொத்தனாரை மறுபடியும் கூப்பிட்டு, ஜன்னலுக்குக் கீழே இன்னொரு சின்ன மேடை கட்டச் சொன்னார். இந்தத் தடவை மனைவி வந்து நின்றாள், டெய்லர் மண்டிபோட்டு அளந்தார், கொத்தனார் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். முப்பத்தொன்று. உயரமான மேடையையும் இடிக்கவில்லை. அதில் இன்றைக்கும் டெய்லர்தான் நிற்கிறார். அவள் தோள் மட்டும் பழையபடி ஆகவில்லை. கெட்டது கெட்டதுதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மன்னிப்புக் கேட்டால் தோள் திரும்பி வருமா என்ன?

ஒரு மாதம் கழித்து, துணியோடு திரும்பிப்போன அந்த மனிதர் மனைவியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அந்த அம்மாவை நிற்க வைத்து டெய்லர் அளவெடுத்தார்.

"நாங்களும் வீட்டைப் புதுசு பண்றோம் மாஸ்டர்" என்றார் வந்தவர். "ஊரே பேசுற உங்க ஹால் மாதிரியே பண்ணணும். அந்தப் பொய்க்கூரை ஆள் நம்பர் குடுங்க. அடுப்படியை அப்புறம் பாத்துக்கலாம்."

டெய்லர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து அவர் கையில் திணித்தார்.

"நம்பர் கெடக்கட்டும். இதை எடுத்துட்டுப் போயி அடுப்படியில இவங்களை நிக்க வச்சு அளங்க. வீட்டைப் பாக்க வர்றவன் டீயைக் குடிச்சிட்டு அரை மணி நேரத்துல போயிடுவான். அவனுக்காகக் கட்டினா அது வீடு இல்லைங்க, பொம்மைக் கடை. உள்ள நின்னு வேலை செய்யறவங்களைக் கேட்டுட்டு முதல் செங்கல்லை வைங்க. நான் கேக்கல. எனக்கு வேர்த்தப்பதான் அவளுக்கு வேர்த்ததே எனக்குத் தெரிஞ்சுது. வெக்கங்கெட்ட ஜென்மம்!"

பின்பக்கம் முக்காலியில் ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தைக்க ஆரம்பித்தது.